நெடுந்தீவிலிருந்து ஒரு மூளைக்கட்டியோடு யாழ்ப்பாணம்

சென்ற மாசியில் என் தலையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். பலருக்கும் வருகிற, பெரும்பாலும் சாதுவான மூளையுறைக் கட்டி என்றார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். 'சாது' என்ற சொல் போதுமாக இருந்தது. மூன்று கிழமை கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம் கிடக்கு. இதே தோற்றத்திலை அரிய கட்டி ஒண்டும் இருக்கு. ஸ்கானிலை ரெண்டும் ஒண்டுபோலத்தான். அதெண்டால் வருசங்கள் கழிச்சும் திரும்பி வரும், கதிர்ச்சிகிச்சை வேணும். விசேஷ சாயம் போட்டுப் பாத்தால்தான் பிரிச்சறியலாம்."

கட்டியின் துணுக்கைப் பதித்த மெழுகுத் துண்டைத் தந்து, தனியார் பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார். சந்தேகப்பட்டுவிட்டாரே என்ற கோபம், கடைசிப் படகின் அவசரம், வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஆகவே திங்கட்கிழமை மறுபடி பயணம். காலை 6.30 படகு, குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம். எங்கள் தீவில் யாழ்ப்பாணம் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. பக்கத்து வீட்டு அக்கா, கொக்குவிலில் இருக்கும் மகளுக்குப் பதநீர் காய்ச்சிய பனங்கட்டி தந்தார், பழைய பேப்பரில் சுற்றி. என் மனைவி மெழுகுத் துண்டைச் சுற்றியதும் பழைய பேப்பரில்தான்.

7.45 பஸ்ஸில் மடத்துவெளி தாண்டும்வரை நின்றேன். 9.15க்கு யாழ்ப்பாணம். பஸ் நிலையத்தில் அக்காவின் மகளிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் நடந்து, ஒரு தேத்தண்ணியும் குடித்து, பரிசோதனைக்கூடம் போய் வரிசையில் இருந்தேன். முக்கால் மணி நேரம். கவுண்டரில் இருந்த பிள்ளை பிரித்துப் பார்த்தது.

"ஐயா, இது பனங்கட்டி."

"நல்லாப் பாரும் பிள்ளை. ஒண்டுபோலத்தான் இருக்குமாம், டாக்டரே சொன்னவர்."

"எறும்பு நிக்குது ஐயா."

அக்காவின் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, அம்மா ஏன் மெழுகு அனுப்பினவா? திரியையும் காணேல்லை. உருக்கித் திரி போடுவமெண்டு அடுப்பு மூட்டினனான்."

"ஐயோ, அடுப்பை நிப்பாட்டும்! அது என்ர தலை!"

கொக்குவிலுக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம். துண்டு குசினி மேசையில் முழுதாகக் கிடந்தது. அக்காவின் மகள் அதைத் தொடவே பயந்து தூர நின்றாள்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது: அரிய கட்டியேதான்.

"பேசாமல் வீட்டிலை இருந்திருந்தால், டாக்டர்?"

"அஞ்சாறு வருசம் ஒண்டும் தெரிஞ்சிராது. பிறகு வந்திருப்பியள், பிந்தி."

இப்படிப் போக இருப்பவர்களுக்கு: மெழுகுத் துண்டை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். டாக்டர் சந்தேகப்பட்டால் என்னைப்போல் கோபிக்காதீர்கள். அவர் சந்தேகப்பட்டதால்தான் எனக்கு நேரத்தோடு தெரிந்தது.

வரும் திங்கள் கதிர்ச்சிகிச்சை தொடங்குகிறது. மனைவியும் கூட வருகிறாள். என் தலையை என்னை நம்பி விட அவளுக்கு மனமில்லையாம்.