பவளத்துக்கு ரெண்டே சொட்டு

எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் உள்ள உப்புநீர்த் தொட்டியில் பச்சை நிற உயிர்ப் பவளத் துண்டு வெளுக்கத் தொடங்கியபோது, தூக்கிப் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாங்கி வந்தவள் நான், சாக விடுவேனா? ஒரு கை பார்த்துவிடலாம் என்று அதை விற்ற சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது பட்டினி கிடக்குது மேடம். அமினோ ஆசிட் சொட்டு அனுப்புறேன். சாயங்காலம் லைட்டை அணைச்சப்புறம் ரெண்டே சொட்டு. மேல போனா தண்ணி கெட்டுடும்" என்றார்.

"நமக்குக் கத்திரிக்கா குழம்பு, கல்லுக்கு டானிக்கா?" என்று என் கணவர் சிரித்தார். கல்லாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போடவும் நேரமில்லை. இருவருக்கும் ஒரே அனல்மின் நிலையத்தில் வேலை. நான் முதல் ஷிப்ட், அவர் இரண்டாம் ஷிப்ட். நான் வீடு சேரும்போது அவர் கிளம்பியிருப்பார்.

நாள் தவறாமல் சொட்டு விட்டேன். பவளம் தேறவில்லை. தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்தது. கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாக, "பாட்டில்ல எவ்ளோ மிச்சம் இருக்கு?" என்றார். பார்த்தால் அடியில்தான் கொஞ்சம்.

மறுநாள் எனக்கு வார ஓய்வு. மத்தியானம் டியூட்டிக்குக் கிளம்பிய மனிதர், நான் அடுப்படியில் இருப்பதை மறந்து, தொட்டியில் பாட்டிலைப் பிழிந்துகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"பாவம்டி, வெளுத்துக்கினே போவுது. பசிக்குமேன்னு தினம் கொஞ்சம் ஊத்திட்டுப் போறேன்."

"அளவுக்கு மிஞ்சினா அமுதும் நஞ்சுங்க! பிளான்ட்ல அடுத்த ஷிப்டுக்கு வர்ற ரிலீவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லாம சீட்டை விட்டு எழுந்திரிக்க மாட்டீங்க. வீட்ல மட்டும் வாயே தொறக்கமாட்டீங்களா?"

அன்றே சொட்டை நிறுத்தினோம். பாசியைச் சுரண்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். தெளிந்த பிறகு மறுபடி ரெண்டே சொட்டு, அதுவும் டியூட்டியில் பொறுப்பை ஒப்படைப்பதுபோல் முறைப்படி சார்ஜ் கொடுத்துத்தான். ஷிப்ட் மாறும்போது பிளான்ட் கேட் அருகே ஒரு நிமிடம் நிற்போம். "நான் போடல, சாயங்காலம் நீ போடு" என்பார். "வூட்டுக்கும் ரிலீவராம்மா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்தார்கள். செய்துகொள்ளட்டும்.

நேற்று கேட்டில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "நுனியில பச்சை வந்துடுச்சுடி" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சார்ஜ் கொடுத்தாயிற்று. ஆனாலும் உள்ளே போகாமல் நின்றார்.

"நீ சாப்பிட்டியா?" என்றார். இத்தனை வருஷ ஷிப்ட்டில், அந்த கேட்டில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.