கேட்டில் பறித்த போன்கள்

கப்வே ஊரில் அந்த மாவு ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு விடிந்தது என்று கோழி வந்து சொல்ல வேண்டியதில்லை. தோகோசிலே ஜெரே வாயைத் திறந்தால் போதும், நாலு தெரு எழுந்துவிடும். லாரிகளை அனுப்பிவைக்கும் அறையில் அவளுக்கு வேலை. எந்த வண்டி எங்கே போகிறது, எந்த ஊரில் நிற்கிறது, எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவள் கையில்தான் இருந்தது. புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்தவன், இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்காக அவள் முக்காட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை. ஒடுங்குகிற ஜென்மமும் இல்லை.

தோகோ கிழக்கே சிபாட்டாப் பக்கத்து ங்கோனிக்காரி. லாரி ஓட்டுகிறவர்களோ முக்கால்வாசிப் பேர் வடக்கத்திப் பெம்பாக்காரர்கள். இந்த இரண்டு கூட்டமும் முப்பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவை. பேரன்கள் காலத்தில் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயால் குத்திக்கொள்வது என்று முறை வைத்துக்கொண்டார்கள். கல்யாண வீடோ சாவு வீடோ, ஒரு ங்கோனியும் ஒரு பெம்பாவும் எதிர்ப்பட்டால் திட்டித்தான் ஆக வேண்டும். பெம்பா குரங்கு தின்னி, ங்கோனி எலி தின்னி. யாரும் கோபிக்கக் கூடாது, கோபித்தவன் தோற்றவன். பதில் சொல்லாமல் போகிறவன் அவனைவிட மோசம். அவன் உறவையே அறுத்துவிட்டான் என்று அர்த்தம்.

ஆகவே தோகோ மணிக்கொரு தரம் வண்டிகளைக் கூப்பிட்டு எங்கே என்று கேட்கிற வேலை, வேலை மாதிரியே இருக்காது.

"டேய் குரங்கு தின்னி, எங்கடா இருக்கே? வண்டிய ஓரங்கட்டிட்டு மரத்துல தாவிக்கிட்டு இருக்கியா, மத்தியானச் சாப்பாட்டுக்கு?"

"ம்குஷி தாண்டிட்டேன்டி எலி தின்னி. வழியில உன் ஆளுங்க பொந்து தோண்டிக்கிட்டு இருந்தாங்க. நீ சுகமா இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்."

இப்படி வாய்க்கு வாய் கொடுப்பதில் டிரைவர் கசோண்டேயை மிஞ்ச ஆளில்லை. நெட்டையன், முன்பல்லில் ஓட்டை, சிரித்தால் அந்த ஓட்டை வழியாகச் சீட்டி வரும். ஆலைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில்தான் வீடு. பெண்டாட்டி புப்பே, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த ஒரே மகள் மபாலோ. தோகோவின் திட்டு காதில் விழுந்தால் காப்பி தேவையில்லை, கண் தானாகத் திறந்துகொள்ளும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். மேனேஜர் சியாமேவுக்கும் அதில் பெருமைதான். லாரியில் பொருத்திய இடங்காட்டும் கருவி சில நாள் வண்டியைப் பங்க்வேலு ஏரிக்கு நடுவில் நிறுத்திக் காட்டும். தோகோவின் வாய் அப்படித் தப்பாது.

அப்புறம் சோலா என்கிற டிரைவர் வண்டியைக் கொண்டுபோய் மோதினான். சேரென்ஜேக்கு இந்தப் பக்கம், பட்டப்பகலில். தோகோ போனில் ஏதோ சொன்னாள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சத்தம் கேட்டது. சைக்கிளில் கரி மூட்டை கட்டிக்கொண்டு போன ஒருவனுக்கு இடது கால் போயிற்று. சோலா ஜெயிலுக்குப் போனான். போன் அறுபடவில்லை, ஆகவே அந்த மனிதன் போட்ட அலறல் முழுவதும் தோகோவின் காதில் விழுந்தது. அன்றைக்கு என்ன சொல்லிச் சோலாவைச் சிரிக்க வைத்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை.

மேனேஜர் என்ன செய்தார்? ஓட்டும்போது போன் பேசினால் வேலை போகும் என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். அதே மனிதர் அதே நாள் மத்தியானம் வந்து, "கசோண்டே எங்க இருக்கான்னு கேளு ஜெரே" என்றார். என்ன சொல்ல! ஓட்டுகிறவன் காற்றில் எழுதியா பதில் அனுப்புவான்?

தோகோ கூப்பிடுவதை நிறுத்தினாள். வாயையும் மூடிக்கொண்டாள். வாசலில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. தான் வாயைத் திறக்காவிட்டால் டிரைவர்கள் கை போனுக்குப் போகாது என்று அவள் போட்ட கணக்கு. கணக்கு தலைகீழாகப் போயிற்று. திட்டுகிற முறைக்காரி திட்டாமல் இருந்தால் எந்தப் பெம்பாவுக்கு மனசு ஆறும்? இவள் நம்மை அறுத்துவிட்டாளா, இல்லை சோலாவுக்காக நம் எல்லோர் மேலும் கோபமா என்று அவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை போனில். எலியைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடி அனுப்பினார்கள். முதலில் யார் அவள் வாயைத் திறக்க வைப்பது என்று பந்தயம் வேறு.

"என்னடி, நாக்க எலி கொறிச்சிருச்சா?" என்று கசோண்டே ஒரே காலையில் எத்தனையோ தரம் கூப்பிட்டான். பின்னால் ஹாரன் சத்தமும் எதிர்வண்டி சத்தமும் கேட்டன. இன்னொரு அலறலைக் கேட்கத் தனக்குத் தெம்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிகாலையில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆலையின் கேட்டுக்குப் போய் நின்றாள். முறைக்காரிக்கு இன்னொரு உரிமை உண்டு. தலையில் இருக்கிற தொப்பியோ தட்டில் இருக்கிற கறித்துண்டோ, பிடித்ததை அவள் பறித்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவன் சிரித்துக்கொண்டு போக வேண்டும். முதல் லாரியில் கசோண்டேதான் வந்தான். அவள் படியில் ஏறி, அவன் சட்டைப்பையில் கையை விட்டுப் போனை உருவி டப்பாவுக்குள் போட்டாள்.

"ஏய், என்னடி இது?"

"பறிச்சுட்டேன். உங்க பாட்டன் எங்க பாட்டன்கிட்ட மாட்டைப் பறிகொடுத்தான்ல, அப்படி நினைச்சுக்கோ. போய்ட்டு வந்து வாங்கிக்க, குரங்கு தின்னி."

அவள் வாய் திறந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே பாதிப் பேர் போனைக் கொடுத்தார்கள். மீதிப் பேர் கோபித்தால் மானம் போகும் என்று கொடுத்தார்கள். இந்த முறைக்குள் வராத வேறு கூட்டத்து லோசிக்காரர்கள் இரண்டு பேர், ஊரோடு ஒத்துப்போவோம் என்று கொடுத்தார்கள். மேனேஜர்தான் குதித்தார். "வண்டி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்து சேர்ந்தா தெரியும் ஐயா" என்றாள் தோகோ.

மழைக்காலம் முழுக்க ஒரு வண்டியும் யார் மேலும் படவில்லை. மேனேஜர் அதைத் தன் யோசனை என்று மேலே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும். தோகோ ராத்திரியில் தூங்கினாள், அது போதும் அவளுக்கு.

மழை விட்ட பிறகு ஒரு நாள் கசோண்டே கசாமாவுக்கு மாவு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். "குட்டிக்கு உடம்பு கொஞ்சம் சுடுது. பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறா, உங்க ஜாதிப் புத்தி ஒட்டிக்கிச்சு போல" என்று சொல்லிவிட்டுத்தான் போனைக் கொடுத்தான். வெயில் ஏறிய நேரத்தில் அந்தப் போன் டப்பாவுக்குள் அடித்தது. டப்பாவில் போன் அடிப்பது வாடிக்கைதான், தோகோ எடுப்பதில்லை. இது அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. எடுத்தாள்.

புப்பே மருத்துவமனையில் இருந்து பேசினாள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம். மகள் அப்பா அப்பா என்று பிதற்றுகிறாளாம். "அவரு குரல் கேட்டா கண்ணத் திறப்பா. இந்தா, அவ காதுல வைக்கிறேன், பேசச் சொல்லு."

தோகோ பேசுவதற்குள் போன் அந்தப் பக்கம் கை மாறிவிட்டது.

"அப்பா?" என்றது குழந்தை.

ஊரையே எழுப்புகிற வாய் அவளுடையது. அதைத் தணித்துக்கொண்டாள். "அப்பா வண்டி ஓட்டறாரு கண்ணு" என்றாள். "வந்துருவாரு. நான் இப்பவே கூப்பிடறேன்."

"அப்பா" என்றது மறுபடியும். அவள் குரலை அது கேட்டதா என்றே தெரியவில்லை.

தோகோ கபிரி எடைமேடைக்குக் கூப்பிட்டாள். வண்டி எப்போதோ தாண்டிவிட்டது. சேரென்ஜேயில் அவர்கள் எல்லோரும் களி தின்கிற கடைக்குக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பார்த்து அவன் அங்கே நிற்கவில்லை. ராத்திரிக்குள் இறக்கிவிட்டால் மறுநாள் மகளோடு இருக்கலாம் என்று விரட்டிக்கொண்டு போயிருந்தான், அது பிறகுதான் தெரிந்தது. கருவியைப் பார்த்தாள். அது வண்டியை ஏரிக்குள் காட்டியது. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். புப்பே இரண்டு தரம் கூப்பிட்டாள், இரண்டு தரமும் தோகோ "இதோ, இதோ" என்று சொன்னாள். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது புப்பே அவனைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ம்பீக்கா செக்போஸ்ட்டுக்குக் கூப்பிட்டபோது ஒரு போலீஸ்காரர் எடுத்தார். அவரிடம் கெஞ்சினாள். "வண்டிய நிறுத்துங்க. சாவிய வாங்கி வச்சுக்குங்க. ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. உங்க போனக் கொடுத்து, அவன் நம்பருக்கே பேசச் சொல்லுங்க. நான் சொல்லிக்கிறேன்."

மணி நான்கைத் தாண்டி அவன் போன் அவள் கையில் அடித்தது.

"ஏண்டி எலி தின்னி" என்றான் கசோண்டே. சிரிப்பில் சீட்டி கேட்டது. "போன்தான் பறிச்சே, இப்ப போலீஸ வச்சுச் சாவியையும் பறிக்கிறியா? உங்க பாட்டனுக்கு மாடு பத்தலையா இன்னும்?"

அவள் அறைக் கதவைச் சாத்தினாள்.

"என்னடி, நாக்கு எங்க?"

"கசோண்டே, கீழ உக்காருப்பா" என்றாள். அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவன் கேட்டதே கிடையாது. சீட்டி நின்றது.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். காலையில் குழந்தை அப்பா என்று கூப்பிட்டதையும் சொன்னாள். அதை மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் புப்பே எப்படியும் சொல்லத்தானே போகிறாள்.

"சரிங்கம்மா" என்றான் அவன்.

சாவு வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். தோகோ இடுப்பில் சித்தெங்கே துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் உள்ளே அழுகை கொஞ்சம் அடங்கியது. போனைப் பறித்தவள் இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். புப்பே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் முறைக்காரி வந்தால் சும்மா இருக்க முடியாது. அழுகிறவர்களைத் திட்டிச் சிரிக்க வைத்து, ஒரு வாய் களி தின்ன வைப்பது அவள் கடமை. கொஞ்ச நேரத்துக்காவது துக்கத்தை இறக்கி வைக்க வேறு ஆள் கிடையாது. ராத்திரியெல்லாம் யோசித்து யோசித்து அவள் ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருந்தாள். நெருப்புப் பக்கம் போனாள். கசோண்டே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் குரங்கு தின்னி" என்றாள். "மரத்துலேர்ந்து இறங்குடா. வீடு நிறைய விருந்தாளி வந்திருக்காங்க, குந்திக்கிட்டு இருக்கே."

ஆண்கள் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு சொல் திட்டினால் போதும். எலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அங்கேயே உட்கார்ந்து கதறியிருப்பாள், அப்புறம் போய்ப் பானை தேய்த்திருப்பாள், முறைக்காரி செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருப்பாள்.

அவன் எழுந்து உள்ளே போனான். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டான். துண்டால் அதைத் துடைத்தான்.

"உக்காருங்கம்மா" என்றான். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

மூன்று தெரு தள்ளி இருக்கிறவளுக்கு அந்த உபசாரம். அவள் உட்கார்ந்தாள், வேறென்ன செய்வாள். யாரோ தட்டில் களியும் மீனும் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், அந்நிய ஊர் விருந்தாளிக்குக் கொடுப்பது போல. பானையை வேறொரு ங்கோனிப் பெண் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு தோகோ மேனேஜரிடம் சண்டை போட்டு ஒரு காரியம் சாதித்தாள். வடக்கே போகிற வண்டி எதுவானாலும் சேரென்ஜேயில் நின்று, களிக்கடைப் போனில் வீட்டுக்குப் பேசிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். டிரைவர்கள் அவளைப் பழையபடி திட்ட ஆரம்பித்தார்கள். அவளும் திட்டினாள், வாய் பழக்கத்தில் வந்தது.

கசோண்டே வேலைக்குத் திரும்பிய காலையில் அவள் கேட்டில் டப்பாவோடு நின்றிருந்தாள். அவன் லாரி வந்து நின்றது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உன் போன் உன்கிட்டயே இருக்கட்டும்டா" என்றாள் தணிந்த குரலில். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் ஜன்னல் வழியாகக் குனிந்து, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி போனை நீட்டினான்.

"வேண்டாங்கம்மா" என்றான். "அடிச்சா நான் எடுத்துருவேன்."