அப்பா அடிக்காத ஆணி

மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீடு கம்பெனியுடையது, அடித்தால் எஸ்டேட் ஆபீஸ் கிராணி வந்து சத்தம் போடுவார். அதனால்தானோ என்னவோ, லோரி ஓட்டும் வேலை கிடைத்து மலாக்கா டவுனில் ஒரு பழைய வீட்டுக்கு வாடகைக்கு வந்ததும், அப்பா முதல் வேலையாக ஆணி அடித்து முருகன் படத்தை மாட்டினார்.

அந்தக் காலத்து வீடுகளுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, குடியிருப்பவரை நினைத்தபடி கிளப்பவும் முடியாது என்று அப்போது சட்டம் இருந்தது. வாடகை ஏறாத வீட்டுக்கு வீட்டுக்காரத் தவுக்கே ஓர் ஓடுகூட மாற்றித் தரமாட்டார். அப்பா மாற்றினார். தீபாவளி போனஸ் வந்தால் ஒரு வருடம் கூரை, ஒரு வருடம் தரைக்கு டைல்ஸ், பெயிண்ட் மட்டும் வருடம் தவறாமல். ஆயர் குரோவில் மலிவு வீடு வாங்கலாம் என்று அம்மா நச்சரித்தபோது, "நம்ம வீட்ட விட்டுட்டு அங்க எதுக்கு லா? சட்டம் இருக்கு, யாரு நம்மள கிளப்புவா?" என்றார். அந்த வீட்டு வரிசையில் எஸ்டேட்டிலிருந்து வந்த எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். குடியிருப்பவர்களுக்குக் கொடுத்த கெடு முடியும் முன்பே தவுக்கேயின் மகன் வந்தான். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக உள்ளே நுழைந்து, டைல்ஸைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்து, "சந்தெக் லா" என்றான். அழகாக இருக்கிறதாம். பிறகு அவன் கேட்ட வாடகை அப்பாவின் சம்பளத்தையே விழுங்கிவிடும். ஓடும் தரையும் தான் போட்டவை என்று அப்பா மலாயில் சொல்லிப் பார்த்தார். அதனால்தான் இந்த வாடகைக்குப் போகும் என்று அவன் சிரித்தான்.

ஆயர் குரோவுக்கே போனோம். அம்மா ஆசைப்பட்ட அதே தாமான் குடியிருப்பில், யாரோ வாங்கிப் போட்ட வீட்டில், வாடகைக்கு. முருகன் படத்தை அப்பா ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

"ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்களேன்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவன் வீட்டுச் சுவரு. நமக்கு என்னா?"

கடைசிவரை அடிக்கவில்லை. கருமாதியன்று அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, அதையும் நாற்காலியில்தான் சாய்த்து வைத்தோம்.