முப்பத்தோராம் நாளில் வெளிவந்த ஆட்டுப் புழு

போன கிழமை சுன்னாகத்தில் ஒரு முப்பத்தோராம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், வாசலில் நின்ற அந்த வீட்டு மருமகள் ஆளுக்கொரு சில்வர் சாப்பாட்டுப் பெட்டி தந்தா. மூடியில் காலமானவரின் படம். பழக்கதோஷத்தில் நான் பெட்டியைத் திறந்து, உள்ளே வாசிக்க ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நினைவுமலர் அடிக்கேல்லையோ?"

"அதை இப்ப ஆர் அக்கா வாசிக்கினம்? இது எண்டால் சோறு கட்டலாம்."

நியாயம்தான். ஆனால் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, மூடியில் சிரித்த மனிதரை விட்டுவிட்டு எங்கள் சேரைத்தான் நினைத்தேன். இதைக் கண்டிருந்தால் மனுசன் கொதித்துப்போயிருப்பார்.

சேர் விலங்கியல் பேராசிரியர். மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். ஆனாலும் காலையில் வேதப்புத்தகத்துக்கு முன்பு பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் விரிப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சித்திரகுப்தன். காரணம் இருந்தது. பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டைக் கொடுக்க முன்பு ஒரு கட்டுரையாவது அச்சில் வந்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் துறையின் ஆய்விதழோ, ஆசிரியர் குழுவில் யாருடைய பெயர் முதலில் வருவது என்று முடிவாகாததால் முதல் இதழ் வரமுன்னமே நின்றுபோயிருந்தது. வெளிநாட்டு இதழ்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் இங்கே தவறாமல் அச்சாகிக்கொண்டிருந்தது ஒன்றுதான், முப்பத்தோராம் நாள் நினைவுமலர். முன்பக்கம் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, தோத்திரங்கள். அதற்குப் பிறகு எப்படியும் நாலைந்து பக்கம் மிஞ்சும். அந்த மிச்சப் பக்கங்களில்தான் சேர் எங்களைக் கரையேற்றினார்.

"அச்சிலை வரவேணும் எண்டுதான் விதியிலை கிடக்கு. ஆர் செத்ததுக்கு அச்சடிச்சது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்பார்.

என்னுடைய ஆராய்ச்சி ஆட்டின் குடற்புழு. சாவகச்சேரிப் பக்கத்து ஆடுகளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையோடு திரிந்தவள் நான். யாரும் எதற்கென்று கேட்டால் "கம்பஸ் வேலை" என்று மட்டும் சொல்லுவேன். பதிவுக்காலம் இரண்டு தரம் நீடித்தாயிற்று. மூன்றாம் தரம் கிடையாது. கட்டுரை வராவிட்டால் அத்தனை வருடமும், அத்தனை பையும் வீண். அந்த நேரம் பார்த்து ஊரில் ஒருவரும் சாகவில்லை. பத்திரிகையில் இருந்தவர்களெல்லாம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் காலமாகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மலர் அங்கேயே அச்சாகும்.

நான் அழுதேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோசியாதையும் பிள்ளை. ஒருத்தரும் சாகாட்டி நான் இருக்கிறன்தானே."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தது அம்மா. "பிள்ளைக்கு ஒரு இடம் வந்திருக்கு. இணுவில். நல்ல குடும்பம். தபாலதிபராய் இருந்தவர்" என்றார் சேர். அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டா. "முந்தநாள் மோசம் போயிட்டார்" என்றார் சேர். அதற்குப் பிறகு அம்மா அவருடைய அழைப்பை எடுப்பதே இல்லை.

நானும் சேரும் இணுவிலுக்குப் போனோம். மூத்த மகன் கனடாவிலிருந்து வந்திருந்தார்.

"சேர், அப்பா சுத்த சைவம். அவரின்ரை மலரிலை ஆட்டுப் புழுவோ?"

"தம்பி, அவர் சைவமா இருந்தபடியால்தானே இந்த ஊர் ஆடுகள் உயிரோடை நிக்குதுகள். அதுகள் சுகமாய் இருக்கவேணும் எண்டு அப்பா நினைச்சிருக்கமாட்டாரோ?"

மகன் முற்றத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சரி. ஆனால் புழுவின்ரை படம் வேண்டாம்."

"முட்டையின்ரை படம்?"

"முட்டையும் சைவமில்லை, சேர்."

இப்படியாகப் படமில்லாமல் என் முதல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அன்று அந்தப் பந்தலில் சுற்றிய மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. அச்சு மை, சாம்பிராணி, பாயாசம். வரிசையாக இருந்து சாப்பிட்டவர்கள் இடது கையில் மலரைப் பிடித்தபடி குடற்புழு வாசித்தார்கள். ஒரு மாமி என்னைத் தேடி வந்து, "பிள்ளை, எங்கடை மறியாட்டுக்கும் உந்த வருத்தந்தான், என்ன குடுக்கிறது?" என்று கேட்டா. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் எழுதிவிட்டேன். அப்படியொரு வாசகி கிடைக்கவில்லை.

பீடக் கூட்டத்தில் ஒருவர் மலரைப் புரட்டிவிட்டு, "இதென்ன, முன்னுக்குப் பிள்ளையார் துதி?" என்று கேட்டாராம்.

"அது வேறை ஆளின்ரை கட்டுரை" என்றாராம் சேர்.

என் பதிவு பிழைத்தது. பட்டமும் வந்தது, அதே துறையில் வேலையும் கிடைத்தது.

சில வருடங்களில் சேர் போய்விட்டார். நெஞ்சுவலி. நான் அவரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு ரீச்சரிடம், அதுதான் அவருடைய மனைவியிடம் போனேன். ரீச்சர் வாங்கவில்லை.

"அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர் பிள்ளை. தன்னைப்பற்றி ஒரு வரியும் வேண்டாமாம். கட்டுரை வராமல் நிக்கிற பிள்ளையளுக்குப் பக்கத்தைக் குடுக்கட்டாம். நீர்தான் முடிச்சிட்டீரே."

மலரில் அவருடைய படம், இரண்டு திகதிகள், ஒரு ஜெபம். அடுத்த பக்கத்திலிருந்து கடைசிவரை நண்டு, நுளம்பு, வெங்காயப் புழு. நான் வெங்காயப் புழுவை வாசித்து வாசித்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி இருந்தார்.

நேற்று என் மாணவி ஒருத்தி அறைக்கு வந்தாள். அவளுக்கும் பதிவு முடியப்போகிறது. அனுப்பின இதழ்களெல்லாம் திருப்பிவிட்டன. அழுதாள். மேசையில் அந்தச் சில்வர் பெட்டி இருந்தது, அதில்தான் இப்போது மதியச் சோறு கொண்டுபோகிறேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோசியாதையும் பிள்ளை. ஒருத்தரும் சாகாட்டி நான் இருக்கிறன்தானே."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து என் பக்கம் வந்தாள்.

"மிஸ், உங்களுக்குச் சுகமில்லையோ?"