மேடையேறிய ‘அதாகப்பட்டது’

வெயிலில் காயும் கறுப்புக் கோட்டிலிருந்து எழும் கர்ப்பூர வாடையும் வியர்வை வாடையும் கலந்ததே என் இளமையின் மணம். திருநெல்வேலி டவுணில் என் தந்தையார் பெயர்பெற்ற வக்கீல். நான் அவருடைய மூத்த மகன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் என் வகுப்பில் முதல் மாணவன். ரத வீதியில் நான் நடந்தால் கடைக்கார அண்ணாச்சிகள் “வக்கீலையா மகன்” என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். பின்னால் நேர்ந்ததன் அளவு வாசகர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

தந்தையாருக்கு ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. குறுக்கு விசாரணையில் சாட்சியின் பொய் பிடிபடும் தறுவாயில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அதாகப்பட்டது” என்று தொடங்கிச் சற்றே நிறுத்துவார். அந்த இடைவெளியில் சாட்சிகளுக்கு வேர்த்துவிடும் என்று அவருடைய குமாஸ்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் தாயாரின் தம்பி குற்றாலிங்கம் மாமா, ஊர்க்கோடியில் தகரக் கூரை வேய்ந்த சிறிய நாடகக் கொட்டகை ஒன்றுக்குச் சிரிப்பு நாடகங்கள் எழுதிவந்தார். அவர் எழுதிய “பபூன்” பேச்சுகளுக்காகவே கூட்டம் சேரும். அக்காள் கணவரைக் கேலி செய்வது எங்கள் வீடுகளில் மச்சினனுக்குள்ள உரிமை. செய்யாதவனைத்தான் குறை சொல்லுவார்கள். அந்த உரிமையின்பேரில் மாமா தம் புதிய நாடகத்தில் ஒரு வக்கீலைப் படைத்து, அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்தார். மேடை வக்கீல் “அதாகப்பட்டது” என்பார். அதற்குமேல் சொல்லவந்தது மறந்துபோகும். சாட்சியும் சேவகனும் நீதிபதியும் காத்திருந்து காத்திருந்து உறங்கிவிடுவார்கள்.

முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த தந்தையாரும் சிரித்தார். “மச்சினன்னா இப்படில்லா இருக்கணும் வே” என்று அடுத்திருந்தவரிடம் சொல்லவும் செய்தார்.

சில நாள் கழித்து, விதவை ஒருத்தியின் நன்செய் பற்றிய வழக்கு முன்சீப் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. தந்தையார் கண்ணாடியைக் கழற்றி அந்தச் சொல்லைச் சொன்னதும், கூண்டில் நின்ற சாட்சி கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட்டானாம். கூடியிருந்தோர் அனைவரும் சிரித்தனர். முன்சீப்பும் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். சாட்சியின் பொய் பிடிபடாமலே போயிற்று. விதவையின் நிலமும் போயிற்று. தந்தையார் மேலும் இருமுறை கோர்ட்டுக்குச் சென்றார். இருமுறையும் அவர் எழுந்து நின்றவுடனேயே சிரிப்பு எழுந்தது. அதன் பின் அவர் செல்லவில்லை.

செய்தி அறிந்து மாமா நண்பகலில் ஓடிவந்தார். தாயார் அவரை உள்ளே அழைக்கவில்லை.

“ஏலே, ஊரைச் சிரிக்க வைக்க ஒனக்கு இந்த வீடுதானா கெடச்சுது?”

“மச்சினன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா, அக்கா?”

“கேலிய வீட்டுக்குள்ள பண்ணணும்லே. டிக்கெட்டு வச்சா பண்ணுவ?”

மாமா தந்தையாரின் பக்கம் திரும்பி, “அத்தான், நாடகத்துல இருந்து அந்த வார்த்தைய எடுத்துட்டேன்” என்றார்.

“எடுத்துட்டீரு, சரி. சனங்க வாயில இருந்து எப்படி வே எடுப்பீரு?”

அவ்வாறே நடந்தது. நடிகர் அவ்விடத்தில் வாய்மூடி நின்றால், பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் ஒரே குரலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார்கள். மாமா வக்கீலை மாற்றி வைத்தியராக்கினார். வைத்தியரையும் அதே சொல்லால் வரவேற்றார்கள். முடிவில், சிரிப்பையே விட்டுவிட்டு, மகளைப் பறிகொடுத்த தகப்பனைப் பற்றி ஒரு சோக நாடகம் எழுதினார். என் அறிவுக்கு எட்டியவரை அவர் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது. மகளின் உடலருகே தகப்பன் வாய்திறந்த கணத்தில், பின்னாலிருந்து ஒருவன் “அதாகப்பட்டது” என்றான். கொட்டகை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. மாமா மேடை ஓரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஊர் ஊராகச் செல்லும் ஒரு நாடகக் குழுவோடு தெற்கே போனார். வள்ளியூரில் முகாம் போட்டிருந்தபோது பேதி கண்டு இறந்தார். மணமாகாதவர் ஆதலால், மருமகனாகிய நானே கொள்ளி வைத்தேன். பாடையைப் பார்த்த வழிப்போக்கர் ஒருவர், “யாரு வே செத்தது?” என்று கேட்க, குழுவைச் சேர்ந்தவர் பெயரைச் சொன்னார். அவருக்குத் தெரியவில்லை. “‘அதாகப்பட்டது’ எழுதுனவரு” என்று மற்றொருவர் விளக்கியதும் அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டார். தந்தையார் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று அரிசி மண்டி நடக்கிறது. மாமாவின் நாடகம் ஒன்றுகூட அச்சேறவில்லை. அந்தச் சோக நாடகத்தில் ஒரு வரியையேனும் சொல்லக்கூடியவர் இப்போது டவுணில் இல்லை.

தந்தையாரின் சாபமே மாமாவைக் கொன்றது என்றும், அவமானத்தில் தந்தையார் வாயடைத்து ஊமையாகிப் போனார் என்றும் இன்றும் சிலர் சொல்லிவருகிறார்கள். இரண்டும் பிழை. அவர் யாரையும் சபிக்கவில்லை. கடைசி நாள்வரை வீட்டில் எங்களோடு பேசினார். கோர்ட்டில்தான் பேசவில்லை.