ஒரு சாண் ஆலமரம்

சேந்தமங்கலத்தில் கொல்லிமலைப் பேருந்தில் ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நரைத்த மீசை, காதை மூடிய மஃப்ளர், மடியில் ஒரு சாண் உயரப் போன்சாய் ஆலமரம். காலடியில் அதற்கென்று வாங்கிய புதுத் தொட்டி. அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், சன்னல் மூடியிருந்தும், மரத்தைக் கையால் அணைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் விதிமுறைகள் என்னை விட்டபாடில்லை. "தொட்டி நீளம் மரத்தோட உயரத்துல மூணுல ரெண்டு பங்கு போதும். ஆழம் அடிமரத்தோட தடிமன் அளவு. இவ்வளவு பெருசுல வெச்சா ஈரம் காயாது, வேர் அழுகிடும்" என்றேன்.

"மக வெளிநாடு போறப்ப குடுத்துட்டுப் போனதுங்க. அத்தாப் பெரிய ஊட்டுல நானும் இதும் மட்டுந்தானுங்க. நாங்க எதுக்குங்க நெருக்கிக் குந்தோணும்?"

நான் காலை ஒடுக்கிக்கொண்டு தொட்டிக்கு இடம் விட்டேன்.

வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் இறங்கும்போது, "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க சாமி, எடம் நெறையக் கெடக்குது" என்றார். தலையாட்டினேன். எந்த வீடு என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலம் முழுதும் பெய்து ஓய்ந்துவிட்டது. என் வீட்டு அத்தி போன்சாய் சரியான அளவுத் தொட்டியில் செழிப்பாக இருக்கிறது. அதற்குத் தண்ணீர் விட மூன்று அறைகளைக் கடந்து போகிறேன். எதிரே யாரும் வருவதில்லை. விதிப்படி அவருடைய ஆலமரம் இந்நேரம் அழுகியிருக்க வேண்டும். ஒரு விதி பொய்த்துப்போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை.