பம்பாய்க்குப் போன என் கடிதங்கள்

திருமுடிவாக்கத்தில் இன்று எனக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. பி.இ. படித்த பையன்கள் என்னை முதலாளி என்கிறார்கள். நான் ஐந்தாவதைத் தாண்டாதவன். ஆனாலும் என் எழுத்துக்கு இருந்த சக்தி அவர்கள் எவருக்கும் கிடையாது. ஒரு மனிதரைப் பம்பாயிலிருந்து குரோம்பேட்டைக்கு ரயிலேற்றிய எழுத்து அது.

அக்காவுக்கு நிச்சயமான கையோடு மாப்பிள்ளை பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பேரைத் தபால்காரர் தெருவில் கூவினால் மானம் போய்விடும் என்றார் அப்பா. அதனால் கடிதமெல்லாம் என் பேருக்கு வந்தது, ‘அன்புள்ள மச்சானுக்கு’ என்று. எங்கள் தெருவில் என் வயதில் வேறு எவனுக்குக் கடிதம் வந்தது?

வீடே கேட்க உரக்கப் படிப்பேன். ‘வீட்டில் எல்லோரும் சுகமா?’ என்று தவறாமல் கேட்டிருப்பார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று, “இன்னொரு தபா படிடா” என்பாள். என் வாசிப்பு அப்படி!

பதிலும் நானேதான். நான் விட்ட காத்தாடி, கோலியில் ஜெயித்தது, அப்பாவின் இருமல், எங்கள் ஆடு போட்ட குட்டி என்று இன்லண்டு தாளை மடிப்பு வரை நிரப்பிவிடுவேன்.

“நானும் நல்லா கீறேன்னு ஒரு வரி எழுதுடா, என் கண்ணு இல்ல?”

“எடம் இல்லக்கா. அடுத்த தபா.”

அடுத்த தபா குட்டிக்குக் காலில் அடி. அதை எழுதாமல் எப்படி?

“அவரு என்னைத் தப்பா நெனச்சுக்கப் போறாருடா” என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு வந்த கடிதத்தில் ஒரே வரிதான்: ‘எல்லோரும் என்றால், எல்லோருமா?’ ஆட்டையும் சேர்த்து, எல்லோரும் சுகம் என்று எழுதிப் போட்டேன்.

சில நாளில் பெட்டியும் கையுமாக மாப்பிள்ளையே வாசலில் நின்றார். சவரம்கூடச் செய்யவில்லை.

“மச்சான், அக்காக்கு ஒடம்புக்கு இன்னாடா? ஒரு கடிதாசிலகூட அத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லியே!”

“அது நல்லாத்தான் கீது. எடம் பத்தல.”

அவர் பெட்டிமேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இன்னாடா எழுதித் தொலைச்ச?” என்று அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வந்த மனிதரைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல், அந்த லீவிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார் அப்பா.

நான் அதற்குள் தெருக்கோடி வரை ஓடி, பையன்களைக் கூட்டிச் சொல்லிவிட்டிருந்தேன்: “என் கடிதாசியப் படிச்சுட்டு, என்னைப் பாக்கணும்னே பம்பாய்லேர்ந்து வந்துகீறாருடா!”